இளவரசன் வேசத்துக்கு வந்தவன்

உக்காருங்க அம்மிணி. அங்க வேண்டாம், ஃபேன் காத்து வராது. இக்கட்டால வாங்க.

நாடக விழாவுக்குக் கூப்பிடறதுக்குன்னு இத்தனை தூரம் திருப்பூருக்கு வந்திருக்கீங்க, சந்தோசமுங்க. ஆனா நேத்து போன்ல மொதல்ல என்ன கேட்டீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா? "இளவரசனா நடிச்சாரே ஒரு ஆப்பிரிக்கர், அவரும் வருவாருங்களா?" அதான் கேட்டீங்க. என்னைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நாடகத்தை இயக்குனது நான். ராஜா வேசம் கட்டுனது நான். காலேஜுல காலம் பூரா தமிழ் சொல்லிக்குடுத்துட்டு ரிட்டையர் ஆனவன் நான். அவன் துணி யாவாரி. காதர்பேட்டையில கழிச்சுப் போட்ட பனியனைக் கட்டுக் கட்டா வாங்கி அவன் ஊருக்குக் கப்பல்ல அனுப்பறவன்.

வருத்தமெல்லாம் இல்லீங்க. எல்லாருமே அவனைத்தான் கேக்கறாங்க. அதனால அவன் எனக்குப் பண்ணுன காரியத்தை நீங்க தெரிஞ்சுக்கணும். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, நாயம் யார் பக்கம்னு.

செங்கதிரான் நாடகம் நீங்க பாத்திருக்க மாட்டீங்க. சின்ன வயசு உங்களுக்கு. எங்க பக்கம் அதைத் தெரியாத ஆள் கிடையாது. செங்கதிரான்னு ஒரு ராஜா. அவன் மகன் இளங்கதிர், சின்னப் பையன். ராஜாவோட தம்பி பொறாமையில அந்தப் பையனைக் கடத்திக் கப்பல்காரங்களுக்கு அடிமையா வித்துப்போடறான். பையன் கடல் தாண்டிப் போயி, சந்தையில நின்னு, சங்கிலி சுமந்து, வெயில்ல கறுத்துப்போயி, ஆளாகி எப்படியோ ஊருக்குத் திரும்பி வர்றான். அரமனை வாசல்ல வந்து நிக்கறான். யாரோ அடிமை, திருட வந்திருக்கான்னு காவக்காரங்க புடிச்சுக்கிட்டுப் போறாங்க. அப்பனுக்கே அடையாளம் தெரியலை. சாட்டையை வாங்கித் தன் கையாலயே அடிக்கறான் ராஜா. அடி வாங்கிட்டு மகன் கேப்பான்: "தந்தையே, நம் வாசல் கொன்றை பூத்துவிட்டதா?" சின்ன வயசுல தெனமும் அப்பன்கிட்ட கேட்ட கேள்வி அது. அப்பத்தான் ராஜா சாட்டையைக் கீழ போட்டுட்டு மகனைக் கட்டிப் புடிச்சு அழுவான். அந்த ஒரு வரிக்கு அழுகாத ஜனம் இல்லீங்க.

இதுல ஒரு சங்கடம். இளவரசன் கறுத்துத் திரும்பி வரணும். அதுக்கு மூஞ்சி, கை, நெஞ்செல்லாம் கரியைக் கொழைச்சுப் பூசுவாங்க. வேர்த்து ஊத்துனா வழிஞ்சு வரிவரியா நிக்கும். ஜனம் சிரிச்சுப்போடும்.

அஞ்சாறு வருசம் முன்னால கேரளாவுல ஒரு விழாவுக்குப் போயிருந்தேனுங்க. வெளிநாட்டுல இருந்து ஒரு கறுப்பர் குழு வந்திருந்துச்சு. வெள்ளைக்காரனோட ஏதோ பழைய ராஜா ராணி நாடகம். வசனம் ஒண்ணும் மாத்தலையாம். ஆனா அவங்க நடிக்கறப்ப அது அவங்க பாட்டன் பூட்டன் பட்ட பாடா மாறிப்போச்சு. எனக்கு உக்காந்திருந்த எடத்துலயே பொறி தட்டுச்சு. நம்ம நாடகத்துலயும் கப்பல் இருக்குது, சந்தை இருக்குது, சங்கிலி இருக்குது. நம்மூர்லயே நெசமான கறுப்பனுங்க கடை கடையா ஏறி எறங்கறப்ப நான் எதுக்குக் கரியைக் கொழைக்கணும்? யோசனை முழுக்க என்னுதுங்க. அதைக் குறிச்சுக்கங்க.

அவனை ஒரு கடையிலதான் பாத்தேன். கல்லாக்காரர்கிட்ட ஒரு பனியனைத் தூக்கிக் காட்டி, "ஏனுங்க, ஒரு கை நீளம் ஒரு கை குட்டைன்னா எப்படீங்க? எங்க ஊர்லயும் மனுசனுக்கு ரெண்டு கையும் ஒரே அளவுதானுங்க"ன்னு கேக்கறான். அப்படியே நம்மூர்த் தமிழ். நான் உச்சரிப்பைக் கவனிக்கலை, குரலைக் கவனிச்சேன். மைக்கே வேண்டாம், கடைசி வரிசை வரைக்கும் போகும்.

பேரு எமேக்கா. நைஜீரியாவாம். எங்க குழுப் பசங்க "எமன், எமன்"னு கூப்பிடுவானுங்க. சும்மா வெளையாட்டுக்குத்தான். அவனும் சிரிச்சுக்குவான். பல்லு மட்டும் தெரியும். இங்கயே கல்யாணம் பண்ணியிருந்தான். வளர்மதின்னு ஒரு புள்ளை, தருமபுரிப் பக்கம், பனியன் கம்பெனியில செக்கிங் வேலை. ஒரு பொட்டைக் கொழந்தை, பேரு அடா. அவங்க பாசையில மூத்த மகள்னு அர்த்தமாம். "அடா"ன்னு ஒரு பேரான்னு நாங்க அடாடா போட்டுச் சிரிச்சோம். அதுக்கும் அவன் ஒண்ணும் சொல்லலை. நல்ல பையன்தானுங்க அப்பெல்லாம்.

மொதல்ல வரமாட்டேன்னுதான் சொன்னான். "சார், மேடை ஏறினா போஸ்டர் அடிப்பீங்க, பேப்பர்ல என் படம் வரும். என் விசா முடிஞ்சுபோச்சு. புதுசுக்கு எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் வரலை. இப்ப யார் கண்ணுலயும் படாம இருக்கறது நல்லது"ன்னான். அவன் தோள்ல கையை வெச்சுச் சொன்னேன். "தம்பி, நான் இருக்கறேன். இந்த ஊர்ல பெரிய ஆளுங்க பாதிப் பேர் என்ற கிட்டப் படிச்சவங்க. உன்னை யாரும் தொட மாட்டாங்க." அப்படி எவன் சொல்லுவானுங்க? நான் சொன்னேன்.

அப்பறம் கதையைக் கேட்டான். முழுசாச் சொன்னேன். "எங்க ஊர்லயும் இந்தக் கதை இருக்குது சார். ஆனா எங்க கதையில பையன் திரும்பி வர்றதே இல்லை"ன்னான். எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. அந்த வரியை அப்பறம் எல்லாப் பேட்டியிலயும் நான் சொன்னேன். நல்ல வரியில்லீங்களா?

ஒத்திகை ஆரம்பிச்சோம். தமிழ் வசனம் நாலு நாள்ல மனப்பாடம் ஆயிருச்சு அவனுக்கு. ஆனா கேள்வி கேப்பான். அதான் எனக்குப் புடிக்காது. "சார், கப்பல் அடியில இளவரசன் மட்டுமா இருந்தான்? மத்தவங்க யாரு? அவங்களுக்குப் பேர் இல்லையா?" இருந்திருப்பாங்க தம்பி, அவங்க துணைப் பாத்திரம்னு சொன்னேன். "அவங்களும் யாரோ ஒருத்தரோட புள்ளைங்கதானே சார்"ன்னு கப்பல் காட்சிக்கு ஒரு பாட்டுக் கொண்டுவந்தான். அவங்க அம்மா பாடறதாம். கடல்ல போனவங்களைப் பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கூப்பிடற பாட்டு. நீளமா இருந்துச்சு. நான் ரெண்டு வரியாக் கொறைச்சேன். பாசை புரியாத பாட்டை எத்தனை நேரம் கேப்பாங்க ஜனங்க?

ஆனா அழுத்தம் பத்தலைன்னு எனக்குத் தோணுச்சுங்க. அடி வாங்கற காட்சியில அவன் ரொம்ப அடக்கமா நின்னான். நான் சொன்னேன், "உன் வாழ்க்கையில யாராச்சும் உன்னை அடிச்சிருக்காங்களா, அதைச் சொல்லு." சொல்லமாட்டேன்னான். நடிகன்னா மனசைத் தொறக்கணும்னு வற்புறுத்துனேன். கடைசியில சொன்னான்.

திருப்பூருக்கு வந்த புதுசு. பஸ் ஸ்டாண்டுல யாருக்கோ செல்போன் காணாமப் போச்சு. பக்கத்துல நின்னது இவன். அவ்வளவுதான், புடிச்சுக் கம்பத்துல கட்டிப்போட்டாங்க. கூட்டம் சேந்துபோச்சு. வந்தவன் போனவனெல்லாம் ஆளுக்கு ஒரு அடி. ஒருத்தன் எச்சியைத் தொட்டு இவன் கன்னத்துல தேச்சு, "கலர் ஒட்டுதான்னு பாரு"ன்னானாம். இன்னொருத்தன் தலைமயிரைப் புடுங்கிப் பாத்தானாம். கடைசியில அந்தச் செல்போன் தொலைச்ச ஆளோட பைக்குள்ளயே இருந்துச்சு. அவுத்து விட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லலையாம்.

சொல்லறப்ப அவன் குரல் மாறிப்போச்சு அம்மிணி. எனக்கு அப்பத்தான் நாடகம் கெடைச்சுது. "இன்னொருக்காச் சொல்லு"ன்னேன். சொன்னான். அடுத்த நாள் மத்தவங்க முன்னால மறுபடி சொல்லச் சொன்னேன். ஒவ்வொரு ஒத்திகைக்கும் மொதல்ல அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பம். அது ஒரு பயிற்சிங்க, மனசைச் சூடேத்தறதுக்கு. அப்பறம் அதை அப்படியே நாடகத்துல வெச்சேன். அரமனைக் காவக்காரங்க இளவரசனைப் புடிச்சுக் கட்டிவெச்சு, எச்சியைத் தொட்டுக் கன்னத்துல தேச்சு, "கலர் ஒட்டுதான்னு பாரு"ம்பாங்க. பழைய நாடகத்துக்குப் புது ரத்தம். கறுப்பன் அனுபவம்னா அதுதானுங்களே?

ஒரு நாள் தனியா வந்து கெஞ்சுனான். "சார், அதை மட்டும் எடுத்துருங்க. வளர்மதிக்கு அது தெரியாது. நான் சொல்லவே இல்லை. அவ பாப்பாவைக் கூட்டிட்டு நாடகம் பாக்க வர்றா." நான் சொன்னேன், "கலைஞனுக்கு ஒளிவுமறைவு இருக்கக் கூடாது தம்பி. உன் ஒருத்தன் வலி இல்லை இது, உன் இனத்தோட வலி." அவன் தரையைப் பாத்துட்டு நின்னுட்டுப் போயிட்டான்.

எங்க குழுவுல அமிர்தவல்லின்னு கணக்கு டீச்சர் ஒருத்தி. ராணி வேசம் அவளுக்கு. அவளும் வந்து, "சார், அந்தத் தம்பி ஒவ்வொரு நாளும் ஒத்திகை முடிஞ்சு பைப்படியில மூஞ்சியத் தேச்சுத் தேச்சுக் கழுவறான், பாக்க முடியலை"ன்னா. ராணிக்கு மூணே காட்சிதான், அதைப் பாரும்மான்னு அனுப்பிவெச்சேன்.

நாடகத்துக்கு முந்தின நாள் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டிருந்தேன். "கறுப்பின மக்களின் பல நூற்றாண்டு வலியை முதன்முறையாகத் தமிழ்ச் செவ்வியல் மேடைக்குக் கொண்டுவருகிறோம்"னு பேசினேன். நல்லாப் பேசினேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு நிருபர் எமேக்காகிட்ட ஒரு கேள்வி கேட்டாரு. அவன் எந்திரிச்சான். நான் மைக்கை வாங்கி நானே பதில் சொல்லிப்போட்டேன். அவனுக்குத் தமிழ் வராதுன்னில்லை. எதையாச்சும் எசகுபிசகாச் சொல்லிட்டான்னா?

இப்பச் சாட்டை விசயத்துக்கு வர்றேன். அதைப் பெருசாப் பேசறாங்க. ஒத்திகையில நாங்க வெச்சிருந்தது துணிச் சாட்டை. பனியன் வேஸ்ட் துணியை முறுக்கிக் கட்டுனது. பட்டா பூ விழுந்த மாதிரி இருக்கும். சத்தமே வராது. ஹாலோ பெரிய ஹால். பின்வரிசைக்காரனுக்கு ராஜா என்னமோ ஒட்டடை அடிக்கற மாதிரித்தான் தெரியும். அதனால நாடகத்தன்னைக்கு வண்டிக்காரர் ஒருத்தர்கிட்ட நெசமான தோல் சாட்டை வாங்கிட்டு வந்தேன். எமேக்காகிட்டச் சொல்லலை. சொன்னா முன்கூட்டியே ஒடம்பு இறுகிப்போயிரும், நடிப்பு செத்துரும். எந்த இயக்குனரும் சொல்ல மாட்டான்.

சாயங்காலம் பொழுதோட நாடகம். ஹால் நெறைஞ்சுபோச்சு. கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க, மில் மொதலாளிங்க, காலேஜ் பசங்க, எல்லாரும். மூணாவது வரிசையில வளர்மதி கொழந்தையை மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தா. பட்டுப் பாவாடை போட்டிருந்துச்சு கொழந்தை.

எமேக்கா மேடைக்கு வந்ததும் ஒரு சிரிப்புங்க. விசில் அடிக்கறாங்க. ஒருத்தன் "காப்பிரி வந்துட்டான்டோய்"ங்கறான். பின்னால காலேஜ் பசங்க கொரங்கு கத்தற மாதிரி கத்தறாங்க. நான் திரைக்குப் பின்னால நின்னு வேர்த்துப்போயிட்டேன், நாடகம் கெட்டுப்போச்சேன்னு. அவன் அசையலை. சங்கிலியோட அப்படியே நின்னான். அப்பறம் அந்தப் பாட்டைப் பாடினான். நான் கொறைச்ச ரெண்டு வரியை இல்லை, முழுப் பாட்டையும் பாடினான். என்னைக் கேக்காம. பேர் பேரா, பேர் பேரா. ஒருத்தருக்கும் ஒரு எழுத்துப் புரிஞ்சிருக்காது. ஆனா ஹாலே அடங்கிப்போச்சு. கத்துன பசங்களே வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்காங்க. எனக்கு ஆத்திரம்தான். இயக்குனர் வெட்டுனதை நடிகன் சேக்கறதுன்னா என்னுங்க அர்த்தம்?

காவக்காரங்க காட்சி வந்துச்சு. கட்டிவெச்சாங்க. எச்சியைத் தேச்சாங்க. "கலர் ஒட்டுதான்னு பாரு." நான் பக்கவாட்டுல இருந்து வளர்மதியைத்தான் பாத்தேன், எடுபடுதான்னு. அவ வாயைப் பொத்திக்கிட்டா. புரிஞ்சுபோச்சு அவளுக்கு. நல்லா எடுபடுதுன்னு நெனைச்சுக்கிட்டு, காவக்காரங்க அவனை அவுத்து முட்டி போட வெச்சதும் நான் மேடை ஏறினேன்.

மொத அடி. சத்தம்னா சத்தம், ஹாலே அதிருது. அவன் சட்டுனு திரும்பி என்னைப் பாத்தான். நாடகத்துல அப்படிப் பாக்கறது கிடையாது. தலையைக் குனிஞ்சிருக்கணும். நான் கண்டுக்கலை, ரெண்டாவது போட்டேன். மூணாவது. மூணாவது அடிக்கு வசனம் வரணும். வரலை.

மறந்துட்டான் போலன்னு இன்னொண்ணு போட்டேன். வரலை. பக்கத்துல குனிஞ்சு, "சொல்றா, கொன்றை, கொன்றை"ன்னு எடுத்துக் குடுத்தேன். கேட்டுச்சு அவனுக்கு. காதுக்கு அத்தனை கிட்டத்துல சொன்னேன். அவன் என்னையே பாத்துட்டு நிக்கறான். முட்டி போட்டிருந்தவன் எந்திரிச்சு நின்னுட்டான் வேற. கண்ணுச் சிமிட்டறதில்லை, கையைத் தூக்கித் தடுக்கறதில்லை, ஒரு முனகல் இல்லை. நான் என்ன பண்றது? ராஜா அடிச்சுட்டு இருக்கான், வசனம் வந்தாத்தான் நிறுத்த முடியும். அடிச்சேன். மொதல்ல ஜனம் கைதட்டுச்சு. அப்பறம் கைதட்டல் நின்னுபோச்சு. ஒரு கொழந்தை "அப்பா, அப்பா"ன்னு அழுகற சத்தம் கேக்குது. காட்சிக்குப் பொருத்தமாத்தான் இருந்துச்சு. அவன் மேல போட்டிருந்த வெள்ளைத் துணி முதுகோட ஒட்டி நெறம் மாறுது. நான் அடிச்சுட்டே இருக்கேன். கை வலிக்குது எனக்கு. அறுபது தாண்டுன ஒடம்புங்க இது.

அப்ப அந்த அமிர்தவல்லி, அவ வர்ற நேரமே இல்லை அது, உள்ளேருந்து ஓடியாந்து நடுவுல கையை நீட்டிச் சாட்டையைப் புடிச்சுட்டா. உள்ளங்கை கிழிஞ்சுபோச்சு. "போதும், இது நம்ம புள்ளை"ன்னு கத்தறா. அவளுக்கு அந்த வசனமே கிடையாதுங்க. கணக்கு டீச்சருக்கு நாடகத்தைப் பத்தி என்ன தெரியும்? அதோட அவளைக் குழுவுல இருந்து எடுத்துப்போட்டேன்.

எமேக்கா கும்புடலை, ஒண்ணும் பண்ணலை. மேடைப் படியில எறங்கிச் சங்கிலி தரையில இழுபட மூணாவது வரிசைக்குப் போனான். கொழந்தையைத் தூக்கிக்கிட்டான். வளர்மதி அவன் முதுகுல கை வெக்கப் போயி, வெக்க முடியாம, அப்படியே அந்தரத்துல கையை வெச்சுட்டு நடந்தா. மூணு பேரும் நடுவழியில நடந்து வெளிய போறாங்க, ஹாலே எந்திரிச்சு நின்னு கைதட்டுது. அதுவும் நாடகம்னு நெனைச்சுட்டாங்க. நான் மேடையில நின்னு எல்லாருக்கும் கையெடுத்துக் கும்புட்டேன்.

அடுத்த நாள் பேப்பரைப் பாத்தா எனக்கே ஆச்சரியம். "தந்தை அடிக்கிறார், மகன் பேச மறுக்கிறான். காலங்காலமாகக் கேட்ட கடைசி வரியை மௌனமாக்கிய துணிச்சல்"னு எழுதியிருக்காங்க. அந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டாங்க. ரொம்ப நாளா மனசுல இருந்ததுன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? நடிகன் வசனத்தை முழுங்கிட்டான்னா? விருது குடுத்தாங்க. அதோ, அந்த அலமாரியில இருக்குது. நாலஞ்சு ஊர்ல இருந்து கூப்பிட்டாங்க.

கோவத்தை மனசுல வெச்சுக்காம நானே அவன் வீட்டுக்குப் போனேன் அம்மிணி. பொன்னாடை வாங்கிட்டுப் போனேன், அவன் வீட்டுலயே போத்தி ரெண்டு போட்டோ எடுக்கலாம்னு. வளர்மதி கதவைப் பாதி தொறந்து நின்னா. "அவரு குப்புறத்தான் படுத்திருக்காரு. முதுகுல துணி பட்டா எரியுதுங்க"ன்னா. பொன்னாடையைக் கையில கூட வாங்கலை. நான் வெளியில இருந்தே சத்தம் போட்டுச் சொன்னேன், "தம்பி, அடுத்த மாசம் கோயமுத்தூர்ல நாடகம். நீ வசனமே சொல்ல வேண்டாம், இப்பப் பண்ணுன மாதிரியே பண்ணு"ன்னு. உள்ளேருந்து ஒரு சத்தமும் வரலை. மனுசனை வாசல்ல நிக்க வெச்சுட்டு. அத்தனை பேர் முன்னால அவனை இளவரசன் ஆக்கினவன் நான்.

அப்பறம் ஒரு கல்யாணத்துல இன்ஸ்பெக்டர் ஒருத்தரைப் பாத்தேன். என்ற பழைய மாணவர். நாடகத்தைப் பாத்துட்டு ரொம்பப் பாராட்டினாரு. "அந்தக் கறுப்பன் பிரமாதமுங்க சார், அவனை எங்க புடிச்சீங்க?"ன்னாரு. கோயமுத்தூர் நாடகத்துக்கு வரமாட்டேங்கறான், திமிருன்னு சொன்னேன். "அவன் பேப்பரெல்லாம் ஒழுங்கா இருக்குதுங்களா?"ன்னாரு. நான் பொய் பேச மாட்டேன். விசா முடிஞ்சுபோச்சுன்னு அவன் என்கிட்டச் சொன்னதைச் சொன்னேன். அவரு மெரட்டி வெச்சாருன்னா வந்து நடிச்சுட்டுப் போவான்னு நெனைச்சேன். அவ்வளவுதான். கேட்டாரு, சொன்னேன். இதைப் போயிக் காட்டிக்குடுத்ததுன்னு அமிர்தவல்லி ஊர் பூரா பேசிட்டுத் திரியறா.

அந்த வாரமே போலீஸ் வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெளிநாட்டுக்காரங்களை அடைச்சு வெக்கற முகாம்ல வெச்சிருந்து, அப்பறம் அவன் ஊருக்கு ஏத்தி அனுப்பிச்சுட்டாங்க. திரும்பி வரக் கூடாதுன்னு உத்தரவாம். எனக்கு எத்தனை நட்டம் பாருங்க. கோயமுத்தூர்ல வேற ஒரு பையனுக்குக் கரியைப் பூசி நிறுத்துனேன். வசனம் சொல்லாம நில்லுடான்னேன், நின்னான். ஜனம் கொட்டாவி விடுது. நெசச் சாட்டையை எடுத்தேன், மொத அடிக்கே "ஐயோ சார்"னு கத்திட்டு மேடையில இருந்து குதிச்சு ஓடிப்போட்டான். அன்னைக்குப் பட்ட அவமானம் எனக்கு இன்னும் ஆறலை.

முகாம்ல அவனை வெச்சிருந்தப்ப வளர்மதி இங்க வந்தா. நீங்க உக்காந்திருக்கற எடத்துலதான் உக்காந்தா, கொழந்தையோட. "சார், அந்த இன்ஸ்பெக்டர் உங்க மாணவராமே. ஒரு வார்த்தை சொல்லுங்க. புது விசாவுக்கு எழுதிப்போட்டது நெசம்னு சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. பாப்பா தூங்கறதில்லீங்க சார்"னு அழுதா. பாக்கறேன்னு சொன்னேன். பெரிய மனுசங்க விசயத்துல சட்டுனு தலையிட முடியாதுங்க.

எனக்குக் கொழந்தையைப் பாத்ததும் ஒரு யோசனை. அப்பனோட நெறம், அதே கண்ணு. மொதக் காட்சியில கடத்திட்டுப் போற சின்ன இளவரசனுக்கு அத்தனை பொருத்தம். "பாப்பாவை நடிக்க அனுப்பறயா, பேர் வாங்கித் தர்றேன்"னு கேட்டேன். உதவி பண்ணலாம்னுதான் கேட்டேன். அவ கொழந்தையை இழுத்து மடியில அமுக்கிக்கிட்டா, நான் என்னமோ புடுங்கிட்டுப் போற மாதிரி.

கெளம்பறப்ப நானே கேட்டேன். மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, கேக்காம விட முடியலை. "அது கெடக்கட்டும் வளர்மதி, அன்னைக்கு ஏன் அவன் வசனத்தைச் சொல்லலை? மறந்துபோட்டானா?"

அவ நின்னா. அழுகையெல்லாம் நின்னுபோச்சு. "மறக்கலீங்க சார். வீட்டுல சோறாக்கறப்ப, துணி துவைக்கறப்ப, எந்நேரமும் அந்த வரிதான். கொன்றை பூத்துவிட்டதா, கொன்றை பூத்துவிட்டதான்னு. பாப்பாவுக்கே மனப்பாடம். மொத அடி விழுந்ததுமே அது நெசச் சாட்டைன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சாம். அந்த வரியைச் சொன்னா நாடகத்துக்காக நிறுத்திருவீங்க. சொல்லாம இருந்தா, நீங்களா எப்ப நிறுத்துவீங்கன்னு பாக்கலாம்னு நின்னாராம்."

சொல்லிட்டு என்னைப் பாத்துட்டே இருந்தா, பதில் சொல்லுங்கற மாதிரி. அப்பறம் கொழந்தையைத் தூக்கிட்டுப் போயிட்டா.

திமிரைப் பாத்தீங்களா அம்மிணி? மேடையில, ஊர்ப் பெரியவங்க அத்தனை பேர் முன்னால, என்னை நிக்க வெச்சுப் பரீட்சை பாத்திருக்கான். ஏன் அப்படிப் பாக்கறீங்க? நீங்களும் நாடகம் படிச்சவங்கதானே, நீங்களே சொல்லுங்க. ராஜா வேசத்துல இருக்கறவன் அவனா எப்படீங்க நிறுத்த முடியும்? வசனம் வரலீங்களே.